திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா?

(குவேக்கர்ஸ் ஹில்லில் நடைபெற்ற எமது சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்புத்தாண்டு மலரில் எழுத்தில் தரப்படுகின்றது.)



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கணனி படித்தவன் அல்லன். 2007 இல் வன்னியில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். அதற்குப் பிறகு படிப்பு இல்லை. ஏன் எண்டு இந்தச் சபைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2012 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது ஒரு பக்டரியில் பெட்டி மடிக்கிற மெஷினில் பின்னேர ஷிஃப்ட் செய்கிறேன். பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பேச விட்டார்கள் என்றால், ஒரு பிழையை நான் நேரே பட்டுத் தெரிந்துகொண்டவன். அந்தப் பிழையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

2025 ஆனி மாதம் எமது சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஐயா ஒருவர் காலமானார். செத்தவீட்டில் அவருடைய மகள் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டா: “அண்ணை, அப்பா முந்தி சங்கத்துக்குக் கதைச்சுக் குடுத்த கசெற் கிடக்கெல்லோ. முப்பத்தோராம் நாளுக்கு அவற்ற குரலை ஒருக்காப் போட்டுக் கேக்கலாமோ?”

“அதுக்கென்ன தங்கச்சி, எல்லாம் பக்-அப்பிலை பத்திரமாக் கிடக்கு” எண்டு நானும் சொல்லிப்போட்டன்.

பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். எமது சங்கம் ஒரு காலத்தில் வயதுபோன அம்மா ஐயாமாரை இருத்தி, அவரவர் ஊர்க்கதையைக் கசெற்றில் பதிவு செய்தது. மொத்தம் 43 கசெற்றுக்கள். 2013 இல் ஒரு தம்பி, சம்பளம் இல்லாமல் இரவிரவாக இருந்து, அவற்றைக் கணனியில் ஏற்றினார். பழைய மலர்களின் பக்கங்கள், விழாப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ‘ரார்’ என்ற முறையில் இறுக்கிக் கட்டி, டீவீடிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக 7 துண்டாக வெட்டி, பாஸ்வேர்ட் பூட்டும் போட்டார். ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் சங்க அலுமாரிக்குள். மற்றப் பிரதி 7 டீவீடியாகப் பொருளாளர் வீட்டுக் கராஜில். எல்லாம் கணனிக்கு ஏறிவிட்டதுதானே எண்டு, கசெற் பெட்டியைக் கவுன்சில் கிளீனப் அன்று றோட்டு ஓரத்தில் வைத்தோம். அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினவன் நான்.

சரி, அலுமாரியைத் திறந்து டிஸ்க்கைக் கொண்டுவந்து கணனியில் செருகினேன். ஏழு துண்டும் வரிசையாக நிற்கின்றன. உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்களும் தெரிகின்றன. ஐயாவின் பெயர் போட்டு ‘பக்கம் 1 – ஊரும் பள்ளிக்கூடமும்’, ‘பக்கம் 2 – அம்மாவின் தாலாட்டுக்கள்’ என்று இரண்டு ஃபைல். மனம் குளிர்ந்துவிட்டது. திறக்கச் சொல்லி அமத்தினேன். “ஃபைல் பழுது, அல்லது பாஸ்வேர்ட் பிழை” என்று ஒரு அறிவித்தல் வந்தது. நாலாம் துண்டில் வாசிக்க முடியாத இடம் இருப்பதாகவும் சொல்லியது.

இங்கேதான் எனது முதலாவது பிழை. பதறிப்போய்த் திருப்பித் திருப்பித் திறந்து பார்த்தேன். பத்துத் தடவைக்குக் குறையாது. டிஸ்க் ‘டிக், டிக்’ எண்டு சத்தம் போடத் தொடங்கிவிட்டது. ஒரு வயதுபோன மனிசனைப் பிடித்து மாடிப்படியில் பத்துத்தரம் ஏற்றி இறக்கின மாதிரித்தான் அது. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை வருத்த வருத்த அது கெதியாகச் செத்துப்போகும். ஆகையால் முதலாவது பாடம்: திறக்கவில்லையோ, கையை எடுங்கோ. அந்த டிஸ்க்கில் ஒன்றையும் எழுதவேண்டாம், அழிக்கவேண்டாம், ‘ஃபோர்மற் செய்யவா’ எண்டு விண்டோஸ் கேட்டால் ஓம் போடவேண்டாம். சத்தம் போடுகிற டிஸ்க்கில் விலைமதிப்பில்லாத சாமான் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தரவு மீட்கிற தொழில்காரரிடம் கொண்டுபோங்கோ. செலவுதான். ஆனால் நாங்கள் நோண்டிக் கெடுத்த பிறகு கொண்டுபோனால் அவர்களாலும் முடியாமல் போகலாம்.

இரண்டாவது பாடம்: முதலில் உள்ளபடி ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில்தான் கை வைக்கவேண்டும். நான் புது டிஸ்க் ஒன்று வாங்கி ஏழு துண்டையும் அதற்கு மாற்றினேன். ஆறு வந்தது. நாலாம் துண்டு 61 வீதத்தில் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். இறுக்கிக் கட்டின ஃபைல் ஒன்றில் ஒரு சிறு இடம் பழுதானால் ஏன் முழுவதும் திறக்க மறுக்கிறது? சாதாரண புத்தகத்தில் கறையான் ஒரு பக்கத்தைத் தின்றால் மற்றப் பக்கத்தை வாசிக்கலாம். ஆனால் இறுக்கிக் கட்டும்போது கணனி, “முன்னுக்குச் சொன்னதையே இங்கேயும் போட்டுக்கொள்” என்று சுருக்கிச் சுருக்கி எழுதி வைக்கிறது. முன்னுக்குச் சொன்னது கெட்டால் பின்னால் வருவதும் விளங்காது. சிலவற்றில் பொருளடக்கமே கடைசியில்தான் இருக்கும். ‘சிப்’ ஃபைல் அப்படித்தான். கொப்பி பண்ணும்போது வயர் கழன்று பாதியில் நின்றிருந்தால் பொருளடக்கம் இல்லாத புத்தகம் மாதிரி, “முடிவு எதிர்பாராமல் வந்துவிட்டது” என்று சொல்லும். “சீ.ஆர்.சி. பிழை” என்று வந்தால் அது கடைக்காரரின் கூட்டுத்தொகை மாதிரி. கட்டும்போது கூட்டி எழுதி வைத்த தொகையும் இப்போது கூட்டிப் பார்த்த தொகையும் ஒத்துவரவில்லை, இடையில் எங்கேயோ ஒன்று மாறிவிட்டது என்று பொருள். ஆகையால் மூன்றாவது பாடம்: அறிவித்தலை வாசிக்காமல் மூடவேண்டாம். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கோ. அது எந்தப் பக்கம் தேடவேண்டும் எண்டு சொல்லுகிறது.

ஹார்ட் டிஸ்க் கைவிட்டதும் பொருளாளர் வீட்டுக் கராஜுக்குப் போனோம். எங்கட மேற்குச் சிட்னி வெயில் உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை பதிவானது. அந்த வெக்கையை எல்லாம் தகரக் கதவுக்குப் பின்னால் இருந்து அனுபவித்த டீவீடிகள் அவை. வீட்டில் எழுதுகிற டீவீடி கடையில் வாங்குகிற படம் மாதிரி அச்சடித்தது அல்ல. ஒரு சாயப் படையில் சூட்டால் எழுதியது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தைத் தின்னும். நாலாம் டீவீடியை எனது கணனியில் போட்டால் “டிஸ்க் இல்லை” என்கிறது. எறிய வெளிக்கிட்டோம். மரயோங்கில் இருக்கும் நண்பர் ஒருவர், “பொறு, என்னட்டைப் பழைய கணனி ஒண்டு கிடக்கு” என்று கொண்டுபோய்ப் போட்டார். இரண்டு மணித்தியாலம் கறகறவென்று சுற்றி முழுவதையும் வாசித்துவிட்டது! ஒரே டிஸ்க், வேறு இயந்திரம். ஆகையால் நாலாவது பாடம்: ஒரு இயந்திரம் இல்லையென்று சொன்னதால் இல்லையென்று ஆகாது. வேறு வயர், வேறு செருகுவாய், வேறு கணனி, வேறு வாசிப்பான் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கைவிடலாம்.

டீவீடியில் வந்த நாலாம் துண்டையும் டிஸ்க்கில் வந்த ஆறு துண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன். ஒரே கட்டில் இருந்து வெட்டிய துண்டுகள் என்பதால் பொருந்திவிட்டன. எனக்கு அப்போது ஞாபகம் வந்தது எங்கள் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1887 இல் அவர் கலித்தொகையை அச்சிட்டார். ஒரு ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னொரு ஊரில் கிடைத்த ஏட்டைக்கொண்டு நிரப்பித்தான் அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் எங்களுக்கு இந்த நூல்களைத் தந்தார்கள். நாங்கள் கராஜில் செய்ததும் அந்த வேலையின் ஒரு தூசிதான்.

பிறகு பாஸ்வேர்ட். அந்தத் தம்பி இப்போது மெல்பேணில், டண்டினோங் பக்கம் இருக்கிறார். ரெலிபோன் எடுத்தேன்.

“தம்பி, அந்தப் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கோ?”

“அண்ணை, பன்னிரண்டு வருசம். என்ர கலியாண நாளே மறந்துபோகுது.”

“எங்கையாவது எழுதி வைச்சனியோ?”

“ஓம் அண்ணை. அந்தப் பக்-அப்புக்குள்ளதான் ஒரு ஃபைலிலை எழுதி வைச்சனான்.”

சிரிக்காதேயுங்கோ. பெட்டியைப் பூட்டித் திறப்பைப் பெட்டிக்குள்ளே போட்ட கதை. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் அவரே திருப்பி எடுத்தார். தன்னுடைய ஊர்ப் பெயரைத்தான் போட்டிருப்பேன் என்றார். அடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. யோசித்துவிட்டு, “அண்ணை, அப்ப நான் எல்லாம் பாமினியிலை அடிக்கிறனான்” என்றார். அதாவது பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கும்போது கை ஆங்கில விசைகளைத்தான் அமத்தும். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். பாஸ்வேர்டாகப் போய் விழுந்தது அந்த ஆங்கில எழுத்துக்கள். ஒரு கடதாசியில் ஊர்ப்பெயரைப் பாமினி விசைப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்து அடித்தேன். பூட்டுத் திறந்தது.

அதோடு முடியவில்லை. “இடம் போதாது” என்றது. கட்டு ஒரு அளவு, அவிழ்த்தது இன்னொரு அளவு, இரண்டுக்கும் இடம் வேண்டும். பிறகு “பெயர் நீளம் கூட” என்றது. விண்டோஸில் ஃபைல் பெயரும் அது இருக்கும் பாதையும் சேர்ந்து வழமையாக 260 எழுத்துக்குள் அடங்கவேண்டும். உறையை உறைக்குள் வைத்து ஆழமாகப் போனால் மூச்சு முட்டும். மேலேயே ஒரு சின்னப் பெயரில் வெறும் உறையை உண்டாக்கி அதற்குள் அவிழ்த்தேன். எல்லாம் வந்துவிட்டது. பழைய மலர்களின் பக்கங்களைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. பழுதாகிவிட்டது எண்டு தலைவர் தலையில் கை வைத்துவிட்டார். அது பழுது அல்ல. பாமினி எழுத்துரு கணனியில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவைப் போட்டவுடன் தமிழாக நின்றது. பிறகு யூனிகோட் முறைக்கு மாற்றி வைத்தோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் தனது நூல்களைப் பழைய எழுத்துருவில் இருந்து திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றி மாற்றித்தான் இன்றைக்கும் வாசிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. வைத்துவிட்டு மறந்தால் போதாது. காலத்துக்குக் காலம் தூக்கி மாற்றவேண்டும்.

இருபத்தேழாம் நாள் இரவு, வேலையால் வந்து, ஐயாவின் முதலாம் பக்கத்தைப் போட்டுக் கேட்டேன். தொண்டையைச் செருமிவிட்டு, “அப்ப நான் தொடங்கட்டோ?” என்று ஐயா கேட்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுவதும் கேட்டேன். ஊர், பள்ளிக்கூடம், கிணறு, தோட்டம் எல்லாம் வருகிறது.

இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல். ஓடவிட்டுப் பார்த்தேன். நடுவிலும் இரைச்சல், முடிவிலும் இரைச்சல். நாற்பத்தைந்து நிமிடமும் வெறும் இரைச்சல். 2013 இல் அந்தப் பக்கத்தைக் கணனிக்கு ஏற்றும்போது வயர் சரியாகச் செருகுப்படவில்லை. ஃபைல் உண்டானது. பெயர் சரி, அளவு சரி, கூட்டுத்தொகையும் சரி. கணனியைப் பொறுத்தவரையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐயா பாடிய அவருடைய அம்மாவின் தாலாட்டு அதற்குள் இல்லை. ஒருவரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே திருப்பி ஏற்றியிருக்கலாம், கசெற் கையில்தான் இருந்தது. அதை நாங்கள் றோட்டில் வைத்துவிட்டோம்.

43 கசெற்றையும் பிறகு ஆறு பேர் பங்குபோட்டுக் கேட்டோம். இரண்டு பக்கங்கள் இப்படி வெறுமையாக இருந்தன. அந்தத் தம்பியைக் குறை சொல்லவேண்டாம். அவர் செய்திராவிட்டால் ஒன்றுமே இருந்திராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் எல்லோரும் பன்னிரண்டு வருடம் ஏட்டில் சுரைக்காயைப் பார்த்து வயிறு நிறைந்து இருந்தோம். அதுதான் பிழை.

இது எங்கட சங்கத்துக்கு மட்டும் நடந்தது எண்டு நினைக்கவேண்டாம். நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் மெஷின்களின் அமைப்பு விபரங்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்-அப் எடுத்தார்கள். ஒவ்வொரு கிழமையும் பச்சை லைற் எரியும். ஒருநாள் கணனி செத்தது. பக்-அப்பைத் திறந்தால் வெறும் உறை. இடையில் யாரோ விபரங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பக்-அப் பழைய வெறும் இடத்தையே மாதக்கணக்காகக் கவனமாகக் கொப்பி எடுத்திருக்கிறது. இரண்டு நாள் வேலை நின்றது.

பெரிய இடங்களையும் பாருங்கோ. 2017 ஜனவரி 31 அன்று கிற்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் நினைத்தபடி உதவவில்லை. ஒன்று பதிப்பு ஒத்துவராமல் நாட்கணக்காகச் செயலிழந்திருந்தது. செயலிழந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்கூட ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி கிடைத்ததால் தப்பினார்கள். அந்த நிறுவனம் மறைக்காமல் எல்லாவற்றையும் உலகத்துக்குச் சொன்னது. அதனால்தான் என்னைப் போன்றவனுக்கும் அந்தக் கதை தெரியும்.

2023 ஆவணியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களுக்கு நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கி, ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பக்-அப் இல்லாமல் போனது. கணனியோடு தொடுத்தபடியே இருந்த பிரதியையும் வைரஸ் பூட்டிவிட்டது. எப்போதும் செருகியபடியே இருக்கும் பிரதி, வீடு எரியும்போது வீட்டுக்குள்ளே இருக்கும் பிரதி.

இதற்கு மாறான கதையும் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘டோய் ஸ்ரோரி 2’ படம். 1998 இல், படம் செய்துகொண்டிருக்கும்போது, ஒரு பிழையான கட்டளையால் பெரும்பகுதி அழிந்துபோனது. கொம்பனியின் பக்-அப்பும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்து வீட்டில் இருந்து வேலை செய்த ஒரு பெண் அலுவலரின் வீட்டுக் கணனியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையால் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். படம் தப்பியது. வேறு வீட்டில் ஒரு பிரதி இருப்பதன் பெறுமதி அதுதான்.

சபையோர்களே, இதை எங்களைவிட நன்றாக விளங்கக்கூடியவர்கள் யார்? 1981 மே 31 இரவும் அடுத்த நாளும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு வேறொரு ஊரில் வேறொரு பிரதி இருந்தால் அது திரும்பி வந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடி திரும்பி வரவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து உலகம் முழுவதும் வாசிக்க வைத்திருக்கிறது என்றால், அந்த நெருப்பின் பாடம் அதற்குள் இருக்கிறது.

எனது அம்மாவும் பக்-அப் எடுத்தவதான். எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், அப்பாவின் படம் எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக எடுத்து, நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தா. இரண்டையும் ஒரே பையில் வைத்தா. 2009 இல் அந்தப் பை எங்களோடு வந்து சேரவில்லை. பத்திரங்களைப் பிறகு அலைந்து திரிந்து புதிதாக எடுத்தோம். அப்பாவின் படம் இல்லை. நான் இதைச் சொல்லி உங்களை அழவைக்க வரவில்லை. இரண்டு பிரதியும் ஒரு பையில் இருந்தால் அது ஒரு பிரதிதான் எண்டு சொல்லத்தான்.

இனி நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. முக்கியமானவை எவை என்று முதலில் தீர்மானியுங்கோ. விசாக் கடிதங்கள், குடிவரவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்கள், இறந்தவர்களின் படம், பெற்றோரின் குரல். இவற்றை மூன்று பிரதியாக, இரண்டு வித சாமானில், ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கோ. டண்டினோங்கில் தமையன் இருந்தால் அவர் வீட்டில் ஒன்று, அவருடையது உங்கள் வீட்டில் ஒன்று. அடையாளப் பத்திரங்களுக்குப் பாஸ்வேர்ட் பூட்டுக் கட்டாயம் வேண்டும். அந்தப் பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி, டிஸ்க் இருக்கும் இடத்தில் அல்லாமல், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கோ. எந்த விசைப்பலகையில் அடித்தது என்பதையும் எழுதுங்கோ!

இரண்டு. போனில் படம் தானாக மேலே ஏறுகிறது, அதனால் பக்-அப் இருக்கிறது எண்டு இருக்கவேண்டாம். அது கண்ணாடி மாதிரி. போனில் அழித்தால் அங்கேயும் அழியும். சில கிழமைகள் குப்பைக்கூடையில் கிடக்கும், பிறகு இல்லை. இரண்டு வருடம் ஒருவரும் திறக்காத கூகிள் கணக்கை அந்த நிறுவனம் மூடிவிடலாம். காலமானவர்களின் கணக்கில் படங்கள் இருந்தால் இப்போதே இறக்கி எடுங்கோ.

மூன்று. வட்ஸ்அப். எங்கள் சனத்தின் பாதி வரலாறு அதற்குள்தான் கிடக்கிறது. அதன் பக்-அப்பைத் திருப்பி எடுக்க அதே ரெலிபோன் நம்பர் வேண்டும். அன்ட்ரொயிட் என்றால் அதே கூகிள் கணக்கும் வேண்டும். ஊர் நம்பரில் தொடங்கிவிட்டு, அந்தச் சிம்மைக் கைவிட்டால், போன் தொலையும் அன்று பழைய கதை எல்லாம் பூட்டுக்குள். நம்பரை மாற்றமுதல் அதற்குள் இருக்கும் ‘நம்பரை மாற்று’ என்ற வழியால் மாற்றுங்கோ. அன்ட்ரொயிடில் எடுத்த பக்-அப் ஐபோனில் நேரே திறக்காது என்பதையும் போன் வாங்கமுதல் யோசியுங்கோ.

நாலு. படங்களையும் குரல்களையும் இறுக்கிக் கட்டவேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கியவை. கட்டுவதால் இடமும் அவ்வளவு மிச்சம் வராது. கட்டாமல் அப்படியே வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றவை திறக்கும். யூ.எஸ்.பி. குச்சிகள் பலவற்றில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது என்பதையும் கவனியுங்கோ.

ஐந்து. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொப்பி எடுத்து முடிந்தவுடன், அதைக் கழற்றி, வேறொரு கணனியில் செருகி, வேறொரு வெறும் உறைக்குள் எடுத்து, ஒரு படத்தைத் திறந்து முகத்தைப் பாருங்கோ. ஒரு குரலைப் போட்டு முன், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் கேளுங்கோ. ஒரு கடிதத்தைத் திறந்து ஒரு வரி வாசியுங்கோ. பச்சை லைற்றை நம்பவேண்டாம். பெயர்ப் பட்டியலை நம்பவேண்டாம். திருப்பி எடுத்துப் பார்க்காத பக்-அப், பக்-அப் அல்ல. அது ஒரு நம்பிக்கை மட்டுந்தான். மூலப் பிரதியைக் குப்பையில் போடுவதென்றால், அப்படிப் பார்த்த பிறகு, இன்னும் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுப் போடுங்கோ. போடாமல் விட்டால் இன்னும் நல்லது.

உலகத்தில் மார்ச் 31ஆம் திகதியைப் பக்-அப் நாள் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அதைவிட நல்ல நாள் இரண்டு கிழமை கழித்து வருகிறது. சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குகிறோம். அன்று பின்னேரம் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த டிஸ்க்கை ஒருக்கால் செருகுங்கோ. அப்பப்பாவின் படத்தைத் திறந்து, இவர்தான் எண்டு காட்டுங்கோ. ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கோ. பரிசோதனையும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்கும் ஊர் தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருநாள், அரை மணித்தியாலம். இதுதான் எனது வேண்டுகோள்.

முப்பத்தோராம் நாள் அன்று என்ன நடந்தது எண்டு சொல்லி முடிக்கிறேன். ஐயாவின் முதலாம் பக்கத்தைப் போட்டோம். வீடு முழுவதும் அமைதியாக இருந்து கேட்டது. இரண்டாம் பக்கத்தைப் பற்றி மகளிடம் நான் உண்மையைச் சொன்னேன். அந்தக் கசெற்றை நாங்கள்தான் எறிந்தோம் என்றும் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கனடாவிலை மாமி ஒராள் இருக்கிறா அண்ணை, அவவுக்குத் தெரியும்” என்றா. அன்றிரவே போன் எடுத்தோம். எண்பத்துநாலு வயது. ஐந்து பாட்டு இருந்தது, தனக்கு இரண்டுதான் ஞாபகம் எண்டு சொல்லி, இருமி இருமி இரண்டையும் பாடினா. பதிவு செய்தோம்.

போனை வைக்கமுதல் அதைத் திருப்பிப் போட்டு, மாமிக்கும் கேட்கக்கூடியதாக, கடைசிவரை கேட்டோம்.

மற்ற மூன்றும் போனது போனதுதான். உங்கள் வீட்டிலும் எங்கேயோ ஒரு இரண்டாம் பக்கம் இருக்கும். கசெற் றோட்டுக்குப் போகமுதல், பாடினவர் இருக்கும்போதே, ஒருக்கால் போட்டுக் கேளுங்கோ.